செங்காந்தளுக்கு ஒரு புதர் வேண்டும்

செங்காந்தளைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் தேடுகிறார்கள். காட்டுப்பூ என்றதும் மரங்கள் வானத்தை மறைக்கும் அடர்காடுதான் நினைவுக்கு வருகிறது. அங்கே இந்தப் பூ அரிது. மரநிழல் முடிந்து வெயில் தொடங்கும் விளிம்பில், சூரைமுள்ளும் கிளுவையும் பின்னிக் கிடக்கும் புதரில், வண்டிப்பாதை ஓரத்து வேலியில், பாறைச் சரிவில் கொஞ்சம் மண் தங்கிய இடுக்கில்தான் அது முளைக்கும். மதுரையைச் சுற்றி அப்படிப்பட்ட நிலத்துக்குச் சமீப காலம் வரை பஞ்சம் இருந்ததில்லை.

நகரத்தின் தென்மேற்கில் பசுமலை. அதை ஒட்டித் திருப்பரங்குன்றம். மேற்கே நீண்டு கிடக்கும் நாகமலையும் கீழக்குயில்குடியின் சமணமலையும். வடகிழக்கில் யானைமலை, வடக்கே அழகர்மலை, அதற்கும் அப்பால் திண்டுக்கல் பக்கம் சிறுமலை. இவற்றில் அழகர்மலையும் சிறுமலையும் ஓரளவு உயர்ந்தவை. மேலே போகப் போக மரக்காடு உண்டு. மற்றவை சமவெளியில் திடீரென்று எழும்பி நிற்கும் கற்குன்றுகள். ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மீதி மாதங்களில் வெயில்தான். இந்த மழைக்கும் செம்மண்ணுக்கும் ஏற்றபடி அமைந்ததே இங்குள்ள முட்புதர்க்காடு. உசிலை, வெள்வேல், கிளுவை, காரை, சூரை, ஆதண்டை, இடையிடையே பிரண்டை. சித்திரை மாதத்தில் பார்த்தால் உயிர் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும்.

அந்தச் சித்திரையில் செங்காந்தள் முழுக்க முழுக்க மண்ணுக்குள் இருக்கிறது. மேலே ஓர் இலைகூட இருக்காது. கீழே, ஒரு முனையில் இரண்டு கைகள் பிரிந்த மாதிரி வளைந்த கிழங்கு ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். கலப்பையின் வளைவு அப்படியே இருப்பதால் இதற்குக் கலப்பைக்கிழங்கு என்று பெயர். கண்வலிக்கிழங்கு என்பது இன்னும் பரவலான பெயர். பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்பது ஊர் நம்பிக்கை. கார்த்திகை மாதத்தை ஒட்டிப் பூப்பதால் கார்த்திகைப்பூ. சந்தையில் விவசாயிகள் சொல்வது சுருக்கமாகக் ‘கண்வலி’.

ஆனி, ஆடியில் விழும் முதல் மழைகளில் கிழங்கின் நுனி முளைவிடுகிறது. ஒரு கிழங்கு ஒரு பருவத்துக்குத்தான். தன்னிடம் சேர்த்து வைத்த மாவையெல்லாம் கொடுத்துத் தண்டை மேலே அனுப்பிவிட்டு அது சுருங்கிப் போகும். அதே பருவத்தில் செடி அடுத்த ஆண்டுக்கான புதுக் கிழங்கை அருகிலேயே உண்டாக்கிவிடும். தை மாதத்துக்குள் காய் முற்றி, கொடி மஞ்சளாகி, காய்ந்து ஒடிந்து விழும். பிறகு மறுபடி உறக்கம். நீரில்லாத மாதங்களைத் தாங்கிக்கொள்ள எத்தனையோ செடிகள் முள்ளாகவும் தடித்த தோலாகவும் மாறியிருக்கின்றன. இது அந்த மாதங்களில் மேலே தலைகாட்டாமலே இருந்துவிடுகிறது.

தண்டு மெலிது. தனியாக நிற்கும் வலு அதற்குக் கிடையாது. நீளமோ மூன்று நான்கு மீட்டர் வரை போகும். பற்றி ஏற இது கண்டுபிடித்திருக்கும் வழி வித்தியாசமானது. பாகல், புடலை போன்றவற்றுக்குப் பற்றுக்கம்பிகள் தனியாக முளைக்கும். செங்காந்தளுக்கு இலைகளே பற்றுக்கம்பிகள். ஒவ்வோர் இலையும் நுனியில் மெலிந்து நீண்டு, சுருண்டு, பக்கத்தில் எந்தச் சுள்ளி அகப்பட்டாலும் அதைச் சுற்றிக்கொள்ளும். அகப்படுவது சுள்ளியாகத்தான் இருக்க வேண்டும். பருத்த அடிமரத்தை ஓர் இலைநுனியால் சுற்ற முடியாது. புதர்க்காடு தருவது இதைத்தான்: பென்சில் கனமுள்ள ஆயிரக்கணக்கான குச்சிகள், தரையிலிருந்தே தொடங்கி, முள்ளோடு. முள் இருப்பதால் இளங்கொடியை ஆடு, மாடு மிதிப்பதில்லை. புதரின் அடியில் சருகு மக்கிய மண்ணும் சற்று ஈரமும் கிடைக்கின்றன. தலை மட்டும் மேலேறி வெயிலுக்கு வந்துவிடுகிறது. புதர் இல்லாத செங்காந்தள் தரையில் தவழ்ந்து கிடக்கும், பூப்பதும் குறைந்துவிடும்.

பூ தலைகீழாகத் தொங்கும் பூ. ஆறு இதழ்கள், ஓரமெல்லாம் அலை அலையாக நெளிந்தவை, பின்னோக்கி வளைந்து மேல்நோக்கி நிற்கும். மொட்டு விரியும்போது பச்சை, பிறகு மஞ்சள், அடுத்து நுனியில் சிவப்பும் அடியில் மஞ்சளும், கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் எல்லா நிலைகளும் ஒரே நேரத்தில் இருப்பதால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் புதரில் தீப்பற்றியதோ என்று தோன்றும். ஆறு மகரந்தத் தாள்கள் குடைக்கம்பிகள் போல வெளிப்புறம் விரிந்திருக்கும். சூல்தண்டு இன்னும் விசித்திரமானது. நடுவில் நேராக நிற்காமல், அடியிலேயே செங்கோணமாக மடங்கி, பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பூவின் தேனோ இதழ்களின் அடியில், உள்ளே இருக்கிறது. தேன் ஓரிடத்தில், மகரந்தம் வேறோர் இடத்தில், சூல்முடி இன்னொரு திசையில் என்றிருந்தால் மகரந்தச் சேர்க்கை எப்படி நடக்கும்?

தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விடை கண்டு 2020இல் வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்த இடத்தில் வேலையைச் செய்தவை பெரிய வண்ணத்துப்பூச்சிகள். தேனுக்காக இதழடியை நெருங்கும்போது அவற்றின் சிறகுகள் வெளியே விரிந்த மகரந்தப் பைகளில் உரசுகின்றன. மகரந்தம் சிறகில் ஒட்டுகிறது. அடுத்த பூவின் நீட்டிய சூல்முடியில் அதே சிறகு உரசுகிறது. பூ கவிழ்ந்து தொங்குவதே அதற்கு வசதியாகத்தான். பூச்சியின் காலிலோ நாக்கிலோ மகரந்தம் ஏறுவதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். படபடக்கும் சிறகு மகரந்தம் சுமப்பது அரிதான ஏற்பாடு.

திருமுருகாற்றுப்படையைப் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று நினைவுக்கு வரும். நக்கீரர் அந்தப் பாட்டைத் தொடங்குவது திருப்பரங்குன்றத்தில். அங்கே முருகன் தலையில் சூடியிருப்பது காந்தள் கண்ணி. அதுவும் வண்டினம் மொய்க்காத காந்தள் என்கிறார். உண்மையில் தேனீக்கள் இந்தப் பூவுக்கு வருவதுண்டு. ஆகவே புலவர் அன்றே அறிவியலைச் சொல்லிவிட்டார் என்று தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனாலும் வண்டு எல்லாப் பூவையும் ஒரே மாதிரி மொய்ப்பதில்லை என்று கவனித்த கண் அது. சங்கப் பாடல்களில் காந்தள் வெறும் அலங்காரமாக வருவது குறைவு. குறுந்தொகையின் முதல் பாட்டிலேயே, முருகனின் குன்று குருதி நிறக் காந்தளால் நிறைந்தது என்று சொல்லித் தோழி தலைவன் பரிசாகக் கொண்டுவந்த பூவை மறுக்கிறாள்: எங்கள் மலையிலேயே இது ஏராளம், நீ கொண்டுவர வேண்டாம் என்பது பொருள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் முதல் இடம் செங்காந்தளுக்கே. பசுமலையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது நக்கீரர் பாடிய அந்தத் திருப்பரங்குன்றம்.

இந்தப் பூவை நம்பி வாழும் ஒரு பூச்சியும் உண்டு. கரிய உடலில் வெள்ளையும் செம்மஞ்சளும் புள்ளி வைத்த கம்பளிப்புழு. வளர்ந்ததும் கறுப்புச் சிறகில் மஞ்சளும் சிவப்பும் தெளித்த அந்துப்பூச்சியாகும். இதன் அறிவியல் பெயர் பாலிடெலா குளோரியோசே. பெயரின் பின்பாதி செங்காந்தளின் பேரினப் பெயரான குளோரியோசாவிலிருந்து வந்ததுதான். மாட்டையும் மனிதரையும் கொல்லக்கூடிய இலையை இந்தப் புழு மொத்தமாக மேய்ந்து தீர்க்கிறது. பளிச்சென்ற நிறம் பறவைகளுக்கு எச்சரிக்கை. விவசாயிகள் இதை எதிரியாகப் பார்ப்பது நியாயமே. ஆனால் புதர்க்காட்டில் இந்தப் புழு தென்பட்டால், அங்கே செங்காந்தளோ லில்லி போன்ற வேறொரு செடியோ இருக்கிறது என்று அர்த்தம்.

கொல்லக்கூடிய இலை என்றது மிகையல்ல. செடியின் எல்லாப் பகுதியிலும் கொல்சிசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் அதிகம். வள்ளிக்கிழங்கு என்று நினைத்து இந்தக் கிழங்கைச் சமைத்துச் சாப்பிட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். இலங்கையில் இப்படிப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பிறகு ரத்த அணுக்கள் குறையும், உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகத் தளரும். பிழைத்தவர்களுக்கும் சில நாள் கழித்துத் தலைமுடி கொட்டும். சித்த மருத்துவத்தில் கலப்பைக்கிழங்கைச் சுத்தி செய்தே பயன்படுத்துகிறார்கள், அதுவும் அறிந்தவர் கையால். யாரோ சொன்ன கைவைத்தியத்தை நம்பி இதைத் தொடவே கூடாது.

அதே நஞ்சு உலக மருத்துவத்தில் ஒரு பெரிய இடத்தைப் பிடித்திருக்கிறது. 1820இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்லெட்டியே, காவென்டு இருவரும் ஐரோப்பியக் கொல்சிகம் என்ற செடியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். பெயர் அந்தச் செடியிலிருந்து வந்தது. செங்காந்தளில் இதே பொருள் இருப்பது 1915இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வில் உறுதியானது. இரண்டு செடிகளும் ஒரே குடும்பம் என்று தாவரவியல் பின்னாளில் சேர்த்துவைத்தது. கீல்வாத வகைகளில் ஒன்றான கவுட் நோய்க்குக் கொல்சிசின் பழைய மருந்து. யூரிக் அமிலப் படிகங்கள் மூட்டில் கிளப்பும் வீக்கத்தை அடக்குகிறது. குறைந்த அளவில் தினமும் எடுத்தால் மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பைச் சிலருக்குக் குறைக்கும் என்று தெரியவந்து, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 ஜூனில் 0.5 மில்லிகிராம் மாத்திரைக்கு அனுமதி தந்தது. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள இடைவெளி இதில் மிகச் சிறியது. எனவே மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக்கூடாது.

இன்னொரு பயன் வயலில் இருக்கிறது. உயிரணு இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் நுண்ணிய இழைகள் உண்டு. கொல்சிசின் அந்த இழைகள் உருவாகவிடாமல் தடுக்கும். குரோமோசோம் இரட்டிக்கும், ஆனால் அணு பிரியாது. 1937இல் அமெரிக்காவில் பிளேக்ஸ்லியும் ஏவரியும் இதைக் காட்டியதிலிருந்து பயிர் இனப்பெருக்கக்காரர்கள் இதை விடவே இல்லை. ஜப்பானியர் கிஹாரா உருவாக்கிய விதையில்லாத் தர்பூசணிக்குத் தொடக்கம் இதுதான். கோடையில் மதுரைச் சாலையோரத்தில் வெட்டி வைக்கும் பழத்தில் விதை இல்லாமலிருந்தால், அதன் வம்சத்தில் எங்கோ ஒரு துளி கொல்சிசின் இருக்கிறது.

மருந்துக் கம்பெனிகளுக்கு விதை வேண்டும். விதை தருவது பெரும்பாலும் தமிழ்நாடு. ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலி ஒரு பணப்பயிர். கரூர், அரியலூர் பக்கங்களிலும் வேதாரண்யத்தின் மணலிலும்கூடப் பயிராகிறது. ஆடியில் கிழங்கு ஊன்றி, ஆறு மாதத்தில் காய் பறித்து, உலர்த்தி விதையைப் பிரித்து விற்கிறார்கள். விலை ஓர் ஆண்டு உச்சத்தில் நிற்கும், மறு ஆண்டு சரியும். சரிந்தால் விதையை மூட்டையில் கட்டி வைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு. பயிரின் கடினமான வேலை மகரந்தச் சேர்க்கை. வயலில் பூச்சியை மட்டும் நம்பினால் காய் பிடிப்பது போதாது. ஆகவே காலை நேரத்தில் ஆட்கள் பூப்பூவாக நின்று மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தடவிக்கொண்டு போகிறார்கள். காட்டில் சிறகு செய்யும் வேலைக்கு வயலில் கூலி.

அந்த வயல்களைக் கொஞ்சம் கவனித்தால் ஒன்று புலப்படும். கொடி படர இப்போது கம்பிப் பந்தல் போடுகிறார்கள். அதற்கு முன்பு கிளுவைக் குச்சிகளை வரிசையாக நட்டு உயிருள்ள வேலியாக்கி அதன்மேல்தான் ஏற்றினார்கள்; பல இடங்களில் இன்றும் அப்படியே. தாராபுரம், மூலனூர் வட்டாரம் கொரங்காடு என்ற மேய்ச்சல் நிலங்களுக்குப் பேர்போனது. அந்த நிலங்களைச் சுற்றிலும் கிளுவை உயிர்வேலி ஓடும். செங்காந்தள் எதைப் பற்றி ஏறும் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாததல்ல. பயிர் செய்தபோதும் அவர்கள் அமைத்துக் கொடுத்தது ஒரு முட்புதரின் சாயலைத்தான்.

இந்தப் பயிர் தொடங்கியபோது முதல் கிழங்குகள் காட்டிலிருந்தும் வேலியோரத்திலிருந்தும் தோண்டி வந்தவை. தோண்டுவது எளிது, திரும்ப வளர்வது எளிதல்ல. விதை முளைக்கவே பல மாதம் பிடிக்கும். முளைத்த நாற்று முதல் பருவத்தில் ஒரு சின்னக் கிழங்கை மட்டும் சேர்த்துவிட்டு உறங்கப் போகும். பூப்பதற்கு மூன்று நான்கு ஆண்டு ஆகிவிடும். பூத்துக் குலுங்கும் ஒரு கொடியின் கிழங்கைப் பிடுங்கினால், அந்தப் புதரில் அடுத்த பூவைப் பார்க்க அத்தனை காலம் காத்திருக்க வேண்டும், அதுவும் விதை ஒன்று அங்கே விழுந்திருந்தால்.

ஆனாலும் தோண்டுகிறவர்களைவிடப் பெரிய ஆபத்து, புதரையே இல்லாமல் ஆக்குவது. இந்தியாவின் தரிசுநில வரைபடத் தொகுப்பு 2000 முதல் பல பதிப்புகள் கண்டிருக்கிறது. கடைசியாக 2019இல் வந்தது. அதில் அடர்புதர் நிலமும் திறந்த புதர் நிலமும் தரிசு வகைகளாக எண்ணப்படுகின்றன. ஏட்டில் தரிசு என்று விழுந்த நிலத்தில் மனை, குவாரி, சூரிய மின்தகடு, ஏன் மரம் நடும் விழாக்கூட எளிதாக வந்துவிடுகிறது. நல்ல எண்ணத்தோடு புதரை வழித்தெடுத்துவிட்டுக் கூண்டுக்குள் நாற்று நடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தமிழ்நாடு தன் மாநில மலராகச் செங்காந்தளை வைத்திருக்கிறது. அது வாழும் நிலத்தை நாட்டின் ஏடு வீண் நிலம் என்று பதிந்து வைத்திருக்கிறது. இந்த முரண்பாட்டை யாராவது உரக்கச் சொல்ல வேண்டும்.

புதர் எப்படி மறைகிறது என்பதற்குப் பசுமலையின் கதையே சான்று. 1845இல் அமெரிக்க மதுரை மிஷன் தன் குருத்துவப் பள்ளியைத் திருமங்கலத்திலிருந்து இங்கே கொண்டுவந்தபோது இது ஊருக்கு வெளியே இருந்த குன்று. இன்று திருமங்கலம் சாலை நெடுகக் குடியிருப்பு, கல்லூரிகள், மலைமேல் ஓட்டல். நகரம் வளர்வதில் குற்றம் காண்பதற்கில்லை. நிழலுக்காக நட்ட மரங்கள் குன்றைச் சுற்றி நன்றாகவே இருக்கின்றன. சமவெளியில் நடந்த மாற்றம்தான் இன்னும் ஆழமானது. தோட்டங்களைச் சுற்றியிருந்த கிளுவை, கள்ளி வேலிகள் போய்க் கல்தூணும் முள்கம்பியும் வந்தன. கண்மாய்க் கரையையும் புறம்போக்கையும் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. சீமைக்கருவேலத்திலும் குச்சி உண்டே, ஏறக்கூடாதா என்று கேட்கலாம். அது நெருக்கமாக மண்டும் இடத்தில் அடியில் மற்ற செடிகள் தழைப்பது குறைவு. அதை அழிக்க வரும் மண்வாரி எந்திரம் வேரோடும் கிழங்கோடும் எல்லாவற்றையும் சேர்த்தே புரட்டிவிடுகிறது.

தப்பிப் பிழைத்த இடங்கள் பெரும்பாலும் சாமியின் பெயரால் பிழைத்தவை. இடையபட்டி வெள்ளிமலைக் கோயில்காட்டில் உசிலை மரங்கள் வெட்டுப்படாமல் நிற்பது அப்படித்தான். காவல் தெய்வத்தின் காட்டில் சுள்ளி பொறுக்கவும் தயங்குகிறவர்கள் மதுரைப் பக்கம் இன்றும் உண்டு. சட்டத்தின் பெயரால் பிழைத்ததற்கு அரிட்டாபட்டி உதாரணம். மேலூர் பக்கம் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.215 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழக அரசு பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் அதுதான் முதல் தலம். குன்றுகள், சுனைகள், சமணர் படுக்கை, குடைவரைக் கோயில், ராஜாளி வகைப் பறவைகள் எல்லாம் அதில் அடக்கம். அந்தப் பகுதியை உட்படுத்திய டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024இல் நடந்தபோது கிராமங்கள் திரண்டு எதிர்த்தன. மத்திய அரசு 2025 ஜனவரியில் ஏலத்தை ரத்து செய்தது. குன்றோடும் சுனையோடும் அங்கே முட்புதரும் சேர்ந்தே காக்கப்பட்டது. புதருக்காக மட்டும் ஒரு போராட்டம் நடந்ததாக எங்கும் கேள்விப்பட முடியாது.

உலகம் முழுக்க இந்தப் பூ அருகிவிட்டது என்று சொன்னால் தவறு. ஆப்பிரிக்கா தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரை பரந்து கிடக்கிறது. ஜிம்பாப்வேயின் தேசிய மலர் இதுதான். அன்றைய தெற்கு ரொடீசியப் பள்ளிக் குழந்தைகள் 1947இல் இளவரசி எலிசபெத்தின் 21ஆம் பிறந்தநாளுக்குக் கொடுத்த வைர உடையூசி செங்காந்தள் வடிவில் அமைந்தது. ஈழத்தில் கார்த்திகையில் பூப்பதால், நவம்பர் 27 நினைவேந்தலில் ஈழத்தமிழர் சூடும் பூ இது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரை மணல்மேடுகளிலோ நிலைமை தலைகீழ்: தோட்டத்துக்காகக் கொண்டுபோன கொடி வெளியேறிப் பரவி, அங்கே களையாகிப் போனது. ஆபத்து இனத்துக்கு அல்ல. மதுரைக்காரர் தன் ஊர் வேலியில் இதைப் பார்க்கும் வாய்ப்புக்கு.

வேலி இன்னும் மிச்சம் இருப்பவர்கள் செய்யக்கூடியது அதிகமில்லை, ஆனால் பலன் தரும். ஆவணி முதல் தை வரை வேலியைக் கழிக்காமல் விடலாம். காய் வெடித்துச் சிவப்பு விதைகள் உதிர்ந்த பிறகு கழித்துக்கொள்ளலாம். புதிதாக வைக்க விரும்புகிறவர்கள் காட்டில் தோண்டக்கூடாது. பயிர் செய்யும் விவசாயிகளிடம் கிழங்கு விலைக்குக் கிடைக்கிறது. கிழங்கின் முளை நுனியில் மட்டும்தான் இருக்கும், அது எளிதில் ஒடியும், ஒடிந்தால் அந்தக் கிழங்கு முளைக்காது. பஞ்சோ சருகோ சுற்றி எடுத்து வர வேண்டும். நீர் தேங்காத செம்மண்ணில் ஆனி, ஆடியில் படுக்கை வசமாக ஊன்றி, பக்கத்தில் கிளுவைக் கொம்பு ஒன்றை நட்டுவைத்தால் போதும். கையுறை போட்டுத் தொடுவது நல்லது. குழந்தைகள் தவழும் வீட்டு முற்றத்திலும், கீரையும் கிழங்கும் விளையும் பாத்தியிலும் வேண்டாம். தோட்டத்தின் கடைசி வேலியே இதற்கு ஏற்ற இடம்.